ஏச்சுக்கு ஒரு மெட்டு

சில வருடங்களுக்கு முன்னர், புதிதாக எழுத வந்த ஒரு தம்பியின் கவிதைத் தொகுதியைப் பற்றிப் பேச ஓர் இலக்கியக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். நாட்டார் பாடலையும் தெருப்பேச்சையும் ஒன்றாகப் போட்டு எழுதியிருந்தார். "இது கவிதையே அல்ல" என்றேன். சபை கைதட்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அதன் பின்னர் அவர் எழுதிய எதுவும் என் கண்ணில் படவில்லை.

அந்த நாளை மறுபடி ஞாபகமூட்டியது ஒரு சிறிய இசைத்தட்டு. லண்டனிலிருந்து விடுமுறையில் வந்த சிநேகிதர் ஒருவர் போட்டுக் காட்டினார். 'த போக்ஸ்' என்ற குழுவினர் 1986இல் வெளியிட்டது, நான்கே உருப்படிகள். பெயர், 'போகட்றி இன் மோஷன்'. கவிதையைக் குறிக்கும் 'போயட்றி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் தங்கள் பெயரை நுழைத்த குறும்பு அது.

1982இல் லண்டன் கிங்ஸ் குரொஸ் பகுதியில் உருவான குழு இது. பாடகர் ஷேன் மக்கோவன் 1957இல் இங்கிலாந்தில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். பங்க் இசையின் ஆவேசத்தை அக்கோர்டியன், பான்ஜோ, தகரக் குழல் ஆகியவற்றோடு சேர்த்தார்கள். ஆரம்பத்தில் வைத்த பெயரே ஐரிஷ் மொழியில் ஒரு வசவு. அர்த்தம் தெரிந்தவர்கள் முறையிட்டதால் 1984இல் அதைச் சுருக்கிக்கொண்டார்கள்.

அயர்லாந்தில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. கொன்சர்ட்டினா வாசிப்பில் பேர்பெற்ற மரபிசைக் கலைஞர் நோயல் ஹில், 1985இல் வானொலி விவாதமொன்றில் இவர்களுடைய இசையை மிகக் கடுமையாகச் சாடினார்.

பதில் இந்த இசைத்தட்டில் இருக்கிறது. பாடல் வரிகளற்ற ஒரு துள்ளல் மெட்டு; பெயர், 'பிளாங்ஸ்டி நோயல் ஹில்'. 1738இல் மறைந்த பார்வையற்ற ஹார்ப் கலைஞர் ஒகெரொலன், தம்மை ஆதரித்த புரவலர்களைச் சிறப்பித்து அமைத்த மெட்டுகளை 'பிளாங்ஸ்டி' என்பார்கள். ஏசியவரைப் புரவலரின் ஆசனத்தில் தூக்கி இருத்திவிட்டார்கள்! கேலிதான். ஆனால் மரபை உள்ளும் புறமும் அறிந்தவனுக்குத்தான் இப்படியொரு கேலி வாய்க்கும். மரபைக் கெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மறுப்பு எது?

மற்றவற்றில், இறந்துபோன அமெரிக்க ஐரிஷ்காரன் ஒருவனின் மரண வீட்டை ஆரவாரத்தோடு பாடும் பாடலொன்று. இன்னொன்று, லண்டனின் சோஹோவில் பெய்யும் மழையிரவு பற்றியது, எவ்வளவு மென்மை! மக்கோவன் 2023 நவம்பரில் மறைந்தபோது, அயர்லாந்தின் நீனா நகரில் நடந்த இறுதிச் சடங்கில் நிக் கேவ் அதைத்தான் பாடினார். ஒரு காலத்தில் ஏச்சு வாங்கிய பாடகனை அந்த நாடே அழுது வழியனுப்பியது.

மக்கோவனுக்குத் தோளோடு தோள் நிற்க ஒரு குழு இருந்தது. அந்தத் தம்பிக்கு அன்று சபையில் ஒருவர்கூட இருக்கவில்லை. முன்வரிசையில் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

சிநேகிதர் போன பிறகு அலுமாரியைக் கிளறி அந்தத் தொகுதியை எடுத்தேன். மீன் விற்பவரின் கூவலில் தொடங்கித் தாலாட்டில் முடியும் ஒரு கவிதையை மூன்று தடவை வாசித்தேன். அன்று அதை நான் முழுதாக வாசித்திருக்கவேயில்லை.

அவருடைய விலாசத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் மன்னிப்புக் கேட்டு எழுதுவேன். என் பெயரைத் தலைப்பாக வைத்து அவர் எங்கேயாவது ஒரு கவிதை எழுதி வைத்திருந்தால், அதையும் அனுப்பச் சொல்லிக் கேட்பேன்.