கும்மிக்கு முன்வரிசை கிடையாது

ஜூன் மாதம் பள்ளி திறந்ததுமே எங்கள் தொடக்கப் பள்ளியின் நாட்காட்டியில் சில தேதிகளை வட்டமிட்டுவிடுவோம். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், அதாவது கல்வி வளர்ச்சி நாள். ஆகஸ்ட் 15, செப்டம்பர் 5, நவம்பர் 14, விடுமுறைக்கு முன் பள்ளி வாசலில் ஒரு பொங்கல், ஜனவரி 26. கடைசியாக ஆண்டு விழா. ஆசிரியர் தினம் தானாக நடந்துவிடும், பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

கொடி கட்டுவது தனி வித்தை. காவி மேலே இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. மடித்து, நடுவில் பூவிதழ் வைத்துச் சுருட்டி, இழுத்தால் அவிழும்படி கயிற்றில் சுருக்குப் போட வேண்டும். கொடியில் எதையும் பொதிந்து வைக்கக் கூடாது என்கிற 2002-ஆம் ஆண்டுக் கொடி விதிகள், தேசிய நாட்களில் பூவிதழுக்கு மட்டும் இடம் கொடுத்திருக்கின்றன. ஈர ரோஜா இதழ் துணியில் ஒட்டிக்கொண்டு கீழே விழாது. அதனால் சாமந்தியை முன்பே உதிர்த்து உலரவிடுவேன். மழை நனைத்த கயிறு இறுகும். பூ வைக்காமல் ஒருமுறை ஏற்றி இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நாட்டுப்பண் 52 விநாடி. அதில் எந்தப் பிள்ளையும் மயங்கி விழுவதில்லை. பிறகு வரும் சொற்பொழிவில்தான் விழுகிறார்கள், பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வந்திருப்பதால். நாட்டுப்பண் முடிந்ததும் எல்லோரையும் நிழலில் உட்கார வைத்துவிடுவோம். பேச வந்தவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

குழந்தைகள் தின மாறுவேடப் போட்டியில் வருடம் தவறாமல் நாலு பாரதியார் வருவார்கள். மை பென்சில் மீசை வியர்வையில் வழிந்து, மேடை ஏறுமுன் இரண்டு பாரதியாராவது அழுதுவிடுவார்கள். மீசையைக் கடைசி நிமிடத்தில் வரைவதுதான் ஒரே வழி.

ஆண்டு விழாதான் எங்களுக்கு உண்மையான சோதனை. சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் என்றால் டிரஸ் வாடகை என்ற பேச்சு வரும். அந்தப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒத்திகை நாட்களில் வயிற்றுவலி வந்துவிடும். யார் முன்னால் நிற்பது என்ற கேள்வியும் உண்டு. நன்றாக ஆடுபவர் முன்வரிசை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பழைய விழாப் படங்களை எடுத்துப் பாருங்கள்: சிவப்பான பிள்ளைகளும், கேட்டுக்கேட்டு இடம் வாங்கிய பெற்றோரின் பிள்ளைகளும்தான் முன்னால் நிற்பார்கள்.

அதனால் நான் கும்மிக்கு மாறினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதால் எல்லா முகமும் ஒரு சுற்றில் முன்னால் வந்துவிடும். பையன்களுக்கு ஒயிலாட்டம், ஆளுக்கொரு கைத்துணி போதும். அது வரிசை ஆட்டம் என்பதால் ஒவ்வொரு பாட்டுக்கும் வரிசையை மாற்றிவிடுவேன். கற்றுக்கொடுப்பது ஒன்றும் எளிதல்ல. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை தட்டு வந்தால் கால் நின்றுவிடும். முதலில் நடை மட்டும், நடை பழகிய பிறகே தட்டு. இடம் வலம் குழம்பாமல் இருக்க ஒரு மணிக்கட்டில் ரப்பர் பேண்டு.

போன விழாவில் ஆட்டம் முடிந்ததும் ஒரு பாட்டி நேராக மேடைக்கே வந்துவிட்டார். “டீச்சர், தட்டு சரியில்ல. குனியறப்ப ஒண்ணு, நிமிர்றப்ப ஒண்ணு” என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடியே காட்டினார். அவர் சொன்னது சரிதான். இந்த வருட ஒத்திகைக்கு அவரையே வரச் சொல்லியிருக்கிறோம். சாயங்காலம் மாடு கறக்கும் நேரம் தவிர எப்போது கூப்பிட்டாலும் வருவாராம்.