பூசலே எழாத கோயில்

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் இருப்புப்பாதையில், ஆவடியைக் கடந்து சிறிது தொலைவில் உள்ளது திருநின்றவூர். திருமகள் வந்து நின்ற ஊராதலின் இப்பெயர் என்பர். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த பக்தவத்சலப் பெருமாள், என்னைப் பெற்ற தாயாருடன் இங்கே எழுந்தருளியிருக்கிறார். சைவர்க்கோ இது பூசலார் நாயனாரின் ஊர். இருதயாலீஸ்வரர் கோயில் கொண்ட தலம்.

பூசலார் வரலாற்றை அன்பர்கள் நன்கறிவர். பொருள் கிட்டாமையால் கல்லையும் மரத்தையும் தச்சரையும் நினைவிலேயே திரட்டி, மனத்துள் கோயில் எடுத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தன் கற்றளிக்கு விழாவெடுக்க இருந்த காடவர்கோன் கனவில் இறைவன் தோன்றி, "நாளை பூசலார் கோயிலில் புகுகின்றோம், நீ பின்னொரு நாள் கொள்க" என்று பணித்தான். மன்னன் தேடி வந்தான். ஊராருக்கு அப்படியொரு கோயிலே தெரியவில்லை. உண்மையை உணர்ந்த மன்னன் அடியவர் திருவடியில் வீழ்ந்து வணங்கினான்.

பூசல் என்றால் சண்டை, ஆரவாரம். பூசலார் கட்டிய கோயிலைப் பற்றியோ ஒரு பூசலும் எழவில்லை. அது மனத்துள்ளேயே இருந்ததால், விமானம் சிறிதென்றோ சிற்பம் ஆகமத்துக்குப் பொருந்தாதென்றோ குறைகூற யாருமில்லை. மனத்தை விட்டு வெளியே வந்த கலைக்கு அந்தப் பேறு இல்லை.

அதே பெரியபுராணத்தில் உள்ள திருநாளைப்போவார் வரலாறே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதனை 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யாகப் பாடினார். சேக்கிழார் சொல்லாத வேதியர் ஒருவர் அதில் பண்ணையாராக வருகிறார். நாற்பது வேலி நிலத்தில் பயிர்வேலை முடிந்தாலன்றித் தில்லைக்குப் போகலாகாது என்கிறார். அந்தணரான பாரதியாரே இப்பாத்திரத்தைப் படைத்தார். சிறப்புப்பாயிரம் வேண்டி அவர் வந்தபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை உடன்படாமல் காலம் தாழ்த்தினார். மூலத்தினின்று கதை விலகியதும், பாடல்களில் இலக்கணப் பிழைகள் இருந்ததும் அவருக்கு ஒவ்வவில்லை. ஒருநாள் காத்திருந்த பாரதியார் தமக்குள் உருகிப் பாடியதைக் கேட்டு மனம் கரைந்த பின்னரே பாயிரம் தந்தார் என்று அவருடைய மாணாக்கர் உ.வே. சாமிநாதையர் எழுதியுள்ளார்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. புராணம் அடியார் அனைவருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் அதில் கைவைத்தால் பலருக்கு நோகும். மாற்றிய பகுதியோ, வயலில் உழைத்தவனின் ஏக்கத்தைக் கேட்போர் நெஞ்சில் பதித்தது. நாம் போற்றும் ஒன்றைத் தொடுவதாலும், நாம் காண மறந்த ஒன்றைக் காட்டுவதாலுமே கலை சர்ச்சைக்கு உள்ளாகிறது. பிள்ளையவர்கள் மறுத்தார், ஆயினும் செவியை மூடிக்கொள்ளவில்லை. அதுவே நமக்குப் பாடம்.

ஐப்பசி அனுஷம் பூசலார் குருபூசை நாள். அன்று திருநின்றவூர் சென்று இருதயாலீஸ்வரரையும் மரகதாம்பிகையையும் தரிசிக்கும் அன்பர்கள், பிறர் நெஞ்சிலும் நாமறியாத கோயில் ஒன்று இருக்கக்கூடும் என்பதை எண்ணி வணங்குவாராக.