அப்பாவின் மிதிவண்டி

நுழையும்முன்

மிதிவண்டி எளிய மனிதரின் ஊர்தி. அதனை ஓட்டக் கற்பது ஒரு திறன். பேணிக் காப்பது மற்றொரு திறன். பதினாறு வயதில் தந்தையின் மிதிவண்டியைத் தொலைத்த ஒரு மாணவி, அந்த இழப்பின் வழியே தாம் கற்றவற்றை இக்கட்டுரையில் நினைவுகூர்கிறார்.

விடியலுக்கு முன் ஒரு மணியோசை

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் செல்லும் சாலையில் யானைமலை படுத்திருக்கிறது. துதிக்கையை நீட்டி அமர்ந்த யானையைப் போன்ற அந்த ஒற்றைப் பாறைமலையின் அடியில் ஒத்தக்கடை. அங்கிருந்து திருமோகூர் செல்லும் வழியில், பெரியாற்றுக் கால்வாய் நீரால் நெல் விளையும் வயல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் சிற்றூர். நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு மணியோசை கேட்கும். அப்பா பால் கேன்களுடன் மதுரைக்குப் புறப்பட்டுவிட்டார் என்பதற்கு அதுவே அறிகுறி.

அப்பாவின் மிதிவண்டி கறுப்பு நிறமுடையது; உயரமானது; இரட்டைப் பார் கொண்டது. பின்புறக் கேரியரின் இரு பக்கமும் இருபது லிட்டர் கேன்கள் இரண்டு தொங்கும். உத்தங்குடி, மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம் எனக் கடந்து, 1889இல் கட்டி முடிக்கப்பட்ட ஏ.வி. பாலத்தின் வழியே வையையைத் தாண்டி, மாசி வீதிகளின் தேநீர்க் கடைகளுக்குப் பால் ஊற்றிவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார். எங்கள் வீட்டின் அரிசியும் பருப்பும், என் பள்ளிக் குறிப்பேடுகளும் அந்த இரு சக்கரங்களின் மேல்தான் வந்துசேர்ந்தன.

நானும் அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றேன். கால் எட்டாத வயதில் பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டேன். அதற்கும் முன்பு, வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கும் மாலைப் பொழுதுகளில் அதன் மேல் ஏறி அமர்ந்து மிதிப்பேன். பின்சக்கரம் தரையில் படாமல் காற்றில் சுழலும். வண்டி ஓரடியும் நகராது. ஆயினும் என் மனத்தில் அது மதுரையைச் சுற்றிவந்துவிடும்.

சாவி எங்கே?

2006ஆம் ஆண்டுக் கோடை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. பதினொன்றாம் வகுப்பிற்கான பழைய புத்தகங்களை வாங்குவதற்காக, ஒருநாள் பிற்பகல் அப்பாவின் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மதுரைக்குச் சென்றேன். "பூட்டி வச்சிட்டுப் போ தாயி" என்றார் அப்பா. அது ஒன்றுதான் அவர் சொன்னது.

மாசி வீதி ஒன்றில் கடையோரச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். கடையில் கூட்டம் சேர்ந்திருந்தது. நான் தேடிவந்த கணக்குப் புத்தகம் வேறொருவர் கைக்குப் போய்விடுமோ என்ற பதற்றத்தில் உள்ளே ஓடினேன். கால் மணி நேரம் கழித்து, மார்போடு புத்தகங்களை அணைத்தபடி வெளியே வந்தபோது சுவர் மட்டுமே இருந்தது.

அந்தத் தெருவை எத்தனை முறை சுற்றினேன் என்பது நினைவில்லை. பேருந்தில் ஊர் திரும்பி, வாசலில் நின்று அழுதேன். "பூட்டித்தான்பா வச்சிருந்தேன்" என்று சொன்னேன். அது பொய்.

மிதிவண்டியின் பின்சக்கரத்தில் பொருத்தப்படும் வளையப் பூட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூட்டு திறந்திருக்கும்வரை சாவி அதிலேயே இருக்கும்; பூட்டினால்தான் சாவி கைக்கு வரும். நான் பூட்டியிருந்தால், வண்டி போன பின்பும் சாவி என்னிடம் இருந்திருக்க வேண்டும். என் கையில் புத்தகங்கள் மட்டுமே இருந்தன. அப்பா என் கைகளை ஒரு நொடி பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் இருவரும் காவல் நிலையத்திற்குச் சென்றோம். "பூட்டியிருந்துச்சா?" என்று கேட்டார் காவலர். நான் வாய் திறப்பதற்குள், "பூட்டித்தான் இருந்துச்சுங்க" என்றார் அப்பா. அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் இருவரிடமும் விடையில்லை. "வண்டியோட நம்பர் என்ன?" கறுப்பு வண்டி, கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கும் என்று மட்டுமே எங்களால் சொல்ல முடிந்தது. மதுரையில் கறுப்பு மிதிவண்டிகளுக்கா பஞ்சம்? வாங்கியபோது தந்த ரசீது என்றோ கறையானுக்கு இரையாகியிருந்தது. அந்த வண்டி திரும்பக் கிடைக்கவேயில்லை.

பள்ளி தந்த வண்டி

அன்றுமுதல் அப்பா எங்கள் ஊர்ச் சைக்கிள் கடையில் நாள் வாடகைக்கு வண்டி எடுத்தார். பால் விற்ற காசில் ஒரு பங்கு வாடகைக்குப் போனது. வீட்டில் இரவு உணவு சுருங்கியது. அம்மா ஒருநாளும் என்னைக் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெரும் தண்டனையாக இருந்தது.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கப்பட்ட அத்திட்டம், 2005-06ஆம் கல்வியாண்டில் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்வாறு அடுத்த ஆண்டில் பெற்றவர்களுள் நானும் ஒருத்தி. புதிய வண்டியை வீட்டிற்கு ஓட்டிவந்து அப்பாவின் முன் நிறுத்தினேன். "நாளைலேருந்து இதுல பால் கொண்டு போங்கப்பா" என்றேன்.

அப்பா கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். மணியை ஒருமுறை அடித்தார். பின்னர், "இது பள்ளிக்கூடம் போகக் கொடுத்த வண்டி தாயி. பால் கேன் சுமக்கக் கொடுத்தது இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். மறுநாள் விடியலிலும் வாடகை வண்டியின் மணிதான் ஒலித்தது.

பட்டறைப் பாடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிள் கடைத் தாத்தாவிடம் சென்றேன். "விடுமுறை நாள்ல உங்க கடையில வேலை செய்யறேன். அப்பாவோட வாடகையில கழிச்சுக்குங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்பேனரை எடுத்து என் கையில் தந்தார்.

அம்மா எதிர்த்தார். "பொம்பளப் புள்ள பஞ்சர் கடையில உக்காந்தா ஊரு என்ன பேசும்?" தாத்தா அமைதியாகச் சொன்னார்: "புதுக்கோட்டையில என் தங்கச்சி சைக்கிள் கத்துக்கிட்டப்பவும் ஊரு பேசத்தான் செஞ்சுச்சு. அப்புறம் ஊரே கத்துக்கிருச்சு." அவர் கூறியது வரலாறு. 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது, பார் வைத்த ஆண்களின் வண்டியையே ஓட்டினர். தண்ணீர்க் குடத்தையும், குழந்தையையும், விளைபொருளையும் ஏற்றிக்கொண்டு, யாருக்காகவும் காத்திராமல் சென்றனர். அம்மா அதற்குமேல் தடுக்கவில்லை.

அந்த ஓலைக் கொட்டகையே எனக்கு இரண்டாம் பள்ளியானது. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டறிதல், உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவி, அது சற்றே உலர்ந்தபின் ஒட்டுத்துண்டை வைத்து அழுத்துதல், போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக முடுக்கியும் தளர்த்தியும் சக்கரத்தின் கோட்டம் எடுத்தல் ஆகியவற்றைக் கற்றேன். அவசரப்பட்டு ஈரச் சொல்யூஷனில் ஒட்டினால் பஞ்சர் நிற்காது. "காயட்டும் தாயி, எதுக்கும் ஒரு நேரம் இருக்கு" என்பார் தாத்தா.

ஒருநாள் அவர் பற்சக்கரங்களின் பற்களை எண்ணச் சொன்னார். முன்னால் 44, பின்னால் 18. பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். பெரிய சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர். ஆகவே ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். அன்றிரவு அந்தக் கணக்கைக் குறிப்பேட்டில் தொடர்ந்தேன். எங்கள் வீட்டிலிருந்து மாசி வீதிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். அப்படியானால் அப்பா போவதற்கு மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு முறை மிதிக்க வேண்டும், நாற்பது லிட்டர் பாலைச் சுமந்துகொண்டு. நான் தொலைத்தது என்ன என்பதை அந்த எண் எனக்குச் சொன்னது.

வண்டியைக் காப்பதற்கும் தாத்தாவிடம் பாடம் இருந்தது. ஒவ்வொரு மிதிவண்டியின் சட்டத்திலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இருக்கைக்குக் கீழுள்ள குழாயிலோ, பெடல் அச்சுக்கு அடியிலோ துடைத்துப் பார்த்தால் தெரியும். அதைக் குறித்து, ரசீதுடன் பாதுகாக்க வேண்டும். வளையப் பூட்டு சக்கரம் சுழல்வதை மட்டுமே தடுக்கும். வண்டியைத் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. ஆதலால் சங்கிலிப் பூட்டைச் சட்டத்தோடு சேர்த்து, அசையாத கம்பத்தில் பிணைக்க வேண்டும். சங்கிலியைச் சக்கரத்தில் மட்டும் மாட்டினால், சக்கரத்தைக் கழற்றிவிட்டு மீதியைக் கொண்டுபோய்விடுவர்.

கல்வியாண்டின் இறுதியில், தாத்தா கடையின் மூலையில் கிடந்த ஒரு பழைய சட்டத்தை எடுத்தார். வேறொரு வண்டியின் சக்கரங்கள், இன்னொன்றின் கைப்பிடி எனச் சேர்த்து, இரண்டு ஞாயிறுகளில் நாங்கள் ஒரு வண்டியை உருவாக்கினோம். கோட்டம் முழுவதும் நானே எடுத்தேன். அதன் எண்ணை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். அப்பா அதில் ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சக்கரம் ஆடாம ஓடுது" என்றார். அவரிடமிருந்து நான் பெற்ற உயர்ந்த பாராட்டு அதுவே.

நகராத பயணம்

இன்று நான் மதுரையில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பள்ளிக்கு மிதிவண்டியில்தான் செல்கிறேன். தலைக்கவசம், முன்விளக்கு, பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான், தண்ணீர்க் குப்பி, சங்கிலிப் பூட்டு இவையே என் துணைகள். வாரம் ஒருமுறை காற்றழுத்தம் பார்ப்பதையும், சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடுவதையும் தவறவிடுவதில்லை.

அப்பா பால் வியாபாரத்தை விட்டுப் பல ஆண்டுகளாகின்றன. அவருடைய முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. உடல் எடையைத் தாங்காமல் மூட்டை மெல்ல இயக்குவது நல்லது என்று கூறிய மருத்துவர், வீட்டிற்குள்ளேயே மிதிக்கும் உடற்பயிற்சி வண்டி ஒன்றைப் பரிந்துரைத்தார். அப்பா கேட்கவில்லை. "ஊருக்குப் போகாத வண்டி எதுக்கு?" என்றார்.

அப்போது எனக்கு என் சிறுவயது மாலைகள் நினைவிற்கு வந்தன. நாங்கள் உருவாக்கிய அந்தப் பழைய வண்டியைத் திண்ணையில் ஏற்றி, ஸ்டாண்டு போட்டேன். முன்சக்கரம் நகராதவாறு இருபுறமும் செங்கல் வைத்தேன். கால் கீழே செல்லும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் அளவுக்கு இருக்கையை உயர்த்தினேன். வேட்டி சங்கிலியில் சிக்காமல் மடித்துக் கட்டச் சொன்னேன். சுழலும் கம்பிகளில் என் மகள் விரலை நுழைத்துவிடாதபடி பின்சக்கரத்தின் இருபுறமும் அட்டை கட்டினேன். அப்பாவின் தோளைப் பிடித்து ஏற்றினேன். அவர் மெல்ல மிதிக்கத் தொடங்கினார். நாளுக்குப் பத்து நிமிடம் என்பது மருத்துவர் சொன்ன அளவு. அப்பா கடிகாரம் பார்ப்பதில்லை. கண்களை மூடிக்கொண்டு, "வாய்க்கால் தாண்டியாச்சு", "மலை தெரியுது", "ஒத்தக்கடை வந்தாச்சு" என்பார். நான் எண்ணிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஐந்நூறு சுற்றுகள். எங்கள் வீட்டிலிருந்து ஒத்தக்கடைக்கு அதே தூரம்தான்.

ஒருநாள் அவர் மிதித்துக்கொண்டிருந்தபோது, பல ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன்.

"அப்பா, அன்னைக்கு மாசி வீதியில நான் வண்டியப் பூட்டல."

சக்கரம் சுழன்றுகொண்டேயிருந்தது.

"தெரியும் தாயி. உன் கையில சாவி இல்லயே."

"அப்புறம் ஏன்பா கேக்கல?"

"வண்டி போயிருச்சு. நீயாவது வீடு வந்து சேந்தியே" என்றார் அப்பா. சற்று நேரம் மிதித்துவிட்டு, "மாட்டுத்தாவணி வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்றார். மருத்துவர் சொன்ன பத்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. அன்று நான் அவரைத் தடுக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

1817இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வான் டிரைஸ், கால்களால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர மர வண்டியை உருவாக்கினார். அதில் பெடல் இல்லை. 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் வண்டியை வடிவமைத்தார். இன்றைய மிதிவண்டியின் அமைப்பு அதிலிருந்து வந்தது. 1887இல் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். தமிழ்நாட்டில், 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் மிதிவண்டிகளைத் தயாரித்தது.