எண்ணைக் கையால் தட்டாதீர்கள்

ராமாபுரத்தில் கைக்கு வரும் தமிழ் வேர்டு கோப்பு எதைத் திறந்தாலும், விழா மலரோ சங்கத் தீர்மானமோ, எண்கள் எல்லாம் கையால் தட்டியவை. நடுவில் ஒரு வரி நுழைந்தால் போச்சு, கீழே உள்ள அத்தனையையும் திருத்த வேண்டும்.

எண்ணைத் தானாகவே போடும் பட்டியல் ஸ்டைலின் அருமை தெரிய, திருக்குறளை வேர்டில் அமைத்துப் பாருங்கள். பால், அதிகாரம், குறள் என மூன்று நிலை. மல்டிலெவல் லிஸ்டில் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டைலோடு இணைத்துவிடலாம். ஆனால் பொருட்பால் வந்ததும் வேர்டு அதிகாரத்தை மறுபடி 1 என்று தொடங்கும். அதிகாரம்தோறும் குறளும் 1தான். நமக்கு வேண்டியது 39ஆம் அதிகாரம், 381ஆம் குறள். ‘டிஃபைன் நியூ மல்டிலெவல் லிஸ்ட்’ பெட்டியில் ‘மோர்’ அழுத்தினால் ‘ரீஸ்டார்ட் லிஸ்ட் ஆஃப்டர்’ தெரியும். இரண்டாம், மூன்றாம் நிலைகளில் அந்த டிக்கை எடுங்கள். எண் 1330 வரை தானாக ஓடும்.

இன்னொன்று: குறளின் முதலடி முடிந்ததும் வெறும் என்டர் தட்டினால் இரண்டாமடிக்கும் ஓர் எண் விழும். ஷிஃப்டோடு என்டர் தட்டுங்கள்.

தமிழ் எண்கள்தான் வேண்டும் என்பவர்கள் பத்துக்கு ௰ போடுவதா, ௧௦ போடுவதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். தமிழ்ச் சுழியம் யூனிகோடுக்குள் வந்ததே 2005இல்தான். அச்சுக்கு 1, 2, 3 போதும் என்பது என் கட்சி.

மலருக்குக் கட்டுரை அனுப்பும் நண்பர்களே, அடுத்த முறை எண்களை வேர்டிடமே விட்டுவிடுங்கள்.