எங்கே இறக்குவார்கள்?

சரக்கை அடுக்கித் தூக்க உதவும் மரத்தட்டுதான் பேலட். அதைச் செய்யும் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான். தூத்துக்குடியில் மதுரை பைபாஸை ஒட்டியிருக்கும் இந்தப் பட்டறையில் அதற்கு உடனே பதில் வராது. “எங்க எறக்குதாங்க?” என்று திருப்பிக் கேட்பார் முதலாளி. வேலையாட்கள், லாரி டிரைவர்கள், வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

நான் போன அன்று பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். தென்னை நார்த்தூளை ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தி, கோகோபீட் என்று ஏற்றுமதி செய்கிறவர். கொரியாவுக்குப் பேலட் இல்லாமல் கன்டெய்னர் தரையிலேயே அடுக்கி அனுப்பிப் பழகியவர். இப்போது நெதர்லாந்திலிருந்து முதல் ஆர்டர், பேலட்டோடு வேண்டும் என்று.

“ரோட்டர்டாமுங்க அண்ணாச்சி.”

“அது போர்ட்டு. குடோன்ல எறக்குதவன் ஃபோர்க்லிஃப்ட் வச்சிருக்கானா, கையால தள்ளுத வண்டியா? தரையில வைப்பானா, ரேக்குலயா?”

“அதெல்லாம் அவிங்க பாடுங்க.”

“அவுங்க பாடுதான். செய்யுதது நாமல்லா?”

ஒரு மூலையில் கிடந்த இரு பக்கமும் பலகை அடித்த பேலட்டை இழுத்துப் போட்டார். பார்க்க நல்ல கனம், நல்ல உறுதி. இளைஞருக்கு அதுதான் பிடித்திருந்தது. அண்ணாச்சி கைத்தள்ளு பேலட் டிரக் ஒன்றைக் கொண்டுவந்து அதன் வாயில் விட்டு, கைப்பிடியை அடித்தார். டிரக்கின் கரங்களுக்கு முனையில் சின்னச் சக்கரங்கள் உண்டு. கரம் மேலே எழும்போது அந்தச் சக்கரங்கள் கீழிறங்கித் தரையை மிதிக்க வேண்டும். இங்கே அடிப்பலகை குறுக்கே நின்றது. சக்கரம் பலகையை அழுத்த, பலகை தரையை அழுத்த, பேலட் அசையவில்லை. இன்னும் இரண்டு அடி அடித்தால் ஆணி பிய்ந்துகொண்டு அடிப்பலகை கழன்றிருக்கும். ஃபோர்க்லிஃப்ட் மட்டும் இருக்கும் குடோனில் ராஜாவாக இருக்கிற சரக்கு, சின்னக் கடையின் பின்வாசலில் ஒன்றுக்கும் உதவாது.

ரேக் விவகாரம் இன்னும் முக்கியம். தரையில் இருக்கும் பேலட்டுக்கு அடிப்பரப்பு முழுவதும் தாங்கல். ஃபோர்க்லிஃப்டில் ஏறும்போது இரண்டு கரங்கள்தான் தாங்கல். ரேக்கில் ஏற்றினாலோ முன்னும் பின்னும் இரண்டு இரும்புச் சட்டங்கள் மட்டும், நடுப்பாகம் அந்தரத்தில். தரையில் நான்கு டன்னைச் சுமக்கும் பேலட், ரேக்கில் ஒரு டன்னுக்கே வளைந்து கொடுக்கலாம். வாங்குகிறவர்கள் ‘எத்தனை டன் தாங்கும்’ என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்பதும், விற்கிறவர்களில் சிலர் பெரிய எண்ணைச் சொல்லிவிட்டு நகர்வதும் இந்தத் தொழிலின் பழைய சண்டை.

இளைஞர் வெளியே போய் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். நான் ஆணி அடிக்கும் இடத்துக்கு நகர்ந்தேன். அங்கே உள்ளூர் ஆசாரி ஒருவரும் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் சிலரும் வேலை செய்தார்கள். காற்றில் ஓடும் ஆணித் துப்பாக்கி. ஒவ்வொரு அடிக்கும் தகரக் கூரை எதிரொலிக்கிறது. காதில் பஞ்சு வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். கூலி எண்ணிக்கைக் கணக்கு என்பதால் பேச்சுக்கு யாரும் கை நிறுத்துவதில்லை. ஆசாரி மட்டும் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

அவர் பார்ப்பது கணுவை. பேலட்டுக்கு வரும் நியூசிலாந்து பைன் மரத்தில் கணு இல்லாத பலகை அரிது. மேல்தட்டில் நடுப்பலகையாகப் போகிறதென்றால் கணு இருந்துவிட்டுப் போகட்டும். கீழே தாங்கும் சட்டத்தின் நடுவில் கணு வந்தால் அங்கேதான் ஒடியும். இரண்டு ஆணியை ஒரே நேர்கோட்டில் அடித்தால் இழையோடு பலகை பிளக்கும். கொஞ்சம் விலக்கிக் கோணலாக அடிக்க வேண்டும். ஓரப்பலகைக்கு அகலமும் ஆணியும் கூடுதல், ஏனென்றால் ஃபோர்க்லிஃப்ட்காரன் அவசரத்தில் இடிப்பது அங்கேதான். வழவழப்பான ஆணி போடமாட்டார். முறுக்கு ஆணி மட்டும். பச்சை மரம் காயும்போது சுருங்கும், ஆணி தளர்ந்து தலை தூக்கும், தூக்கிய தலை மேலே இருக்கும் சாக்கைக் கிழிக்கும். “ஆணி ஒண்ணுதான் கெடக்கு, அது அரிசி மூட்டையக் கொட்டிரும்” என்றார்.

ஐரோப்பாவில் சுற்றும் ஈபல் முத்திரைப் பேலட்டுக்கு இதெல்லாம் சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது: 11 பலகை, 9 கட்டை, 78 ஆணி, அளவு 1200க்கு 800 மில்லிமீட்டர். ஆசாரி இதைக் கேட்டுச் சிரித்தார். “நாங்க எண்ணுததில்ல, கை சொல்லும்.” எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆணியை எண்ணுகிற ஊரில் ஒரு கம்பெனியின் பேலட் உடைந்தால் இன்னொரு கம்பெனியுடையதை வாங்கிக்கொள்ளலாம். எண்ணாத ஊரில் ஒவ்வொரு பேலட்டும் ஒரு பயணத்தோடு முடிந்துவிடுகிறது.

பட்டறையின் கடைசியில் சூட்டு அறை. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் ஏறி, 30 நிமிடம் விடாமல் நிற்க வேண்டும். அறையின் காற்றுச் சூடு கணக்கில் வராது. இருப்பதிலேயே தடித்த கட்டையில் துளை போட்டு, உணர்கம்பியை உள்ளே செருகி, வாயை அடைக்கிறார்கள். சூட்டின் வரைபடம் தனியே பதிவாகிறது. பிறகுதான் கோதுமைக் கதிர் படமும் ‘ஐ.என்.’ என்ற நாட்டுக் குறியும் ‘எச்.டி.’ என்ற எழுத்தும் கொண்ட முத்திரை, எதிரெதிராக இரண்டு பக்கங்களில். சிவப்பு மை கூடாது. அது ஆபத்தான சரக்குக்கான நிறம். மெத்தில் புரோமைடு புகை போட்டால் ‘எம்.பி.’ என்று வரும். அந்த வாயு ஓசோனைத் தின்பது. அண்ணாச்சி அதைத் தொடுவதில்லை.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் வண்டுகள். ஆசிய நீளக்கொம்பு வண்டு சீனாவிலிருந்து போன பெட்டி மரங்களில் ஒளிந்து, 1996-இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தெரு மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. 2002-இல் உலக அளவில் விதி வந்தது. ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், அட்டைப் பேலட்டுகளுக்கு இந்த விதி இல்லை. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காத மரத்துக்கும் இல்லை. அதனால் அவசர ஏற்றுமதிக்காரர்கள் சிலர் பிளாஸ்டிக்குக்குத் தாவுகிறார்கள். மருந்துக்கும் உணவுக்கும் அது சரிதான், கழுவலாம், சுத்தமாக இருக்கும். ஆனால் பிளாஸ்டிக்கின் கால் ஒன்று உடைந்தால் பேலட் போயிற்று. மரத்தில் ஒரு பலகையைக் கழற்றி மாற்றிவிடலாம்.

இளைஞர் ஃபோன் பேசி முடித்து வந்தார். அங்கே ஃபோர்க்லிஃப்ட் உண்டு, ரேக் கிடையாது. ஆனால் வாங்குகிறவர் அதே பேலட்டோடு நர்சரிகளுக்கு அனுப்புகிறார், அங்கே கைத்தள்ளு டிரக்தான். அண்ணாச்சி சுண்ணாம்புக்கட்டியால் சிமென்ட் தரையில் வரைந்தார். கட்டி முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர். 1200க்கு 1000 பேலட்டில் ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் மூன்று, பத்து சென்டிமீட்டர் சும்மா கிடக்கும். அது பரவாயில்லை, கட்டி பலகைக்கு வெளியே துருத்தினால்தான் விளிம்பு நொறுங்கும். கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர். 1200-உம் 1000-உம் பக்கத்தில் பக்கத்தில் 2.2 மீட்டர், போகும். ஈபல் பேலட்டோ மூன்றை வரிசையாக வைத்தால் 2.4 மீட்டர், ஐரோப்பிய லாரிக்குக் கச்சிதம், கப்பல் கன்டெய்னரில் ஐந்து சென்டிமீட்டரில் மாட்டிக்கொள்ளும். கொரியாவும் ஜப்பானும் 1100 சதுரம் வைத்திருப்பதால் இரண்டு சேர்ந்து அதே 2.2.

“பேலட் போட்டா கட்டி கொறையுமுங்களே?” என்றார் இளைஞர். குறையும். ஒவ்வொரு பேலட்டும் பதினான்கு, பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தையும் இருபது கிலோவுக்கு மேல் எடையையும் தின்கிறது. பேலட் இல்லாமல் அனுப்பினால் கன்டெய்னரில் கூடுதல் கட்டி. ஆனால் நெதர்லாந்தில் அதைக் கையால் இறக்க ஆள் பிடித்தால் ஆகும் கூலி, மிச்சமான இடத்தின் மதிப்பை விழுங்கிவிடும். திருப்பூர் பனியன் பெட்டிகள் இன்னமும் தரையிலேயே அடுக்கிப் போவதும், ஐரோப்பிய நர்சரிகள் பேலட் கேட்பதும் இதே கணக்குதான். பொருளின் எடையைவிட, இறக்குகிற ஊரின் கூலிதான் பேலட்டைத் தீர்மானிக்கிறது என்று எனக்குப் பட்டது.

முடிவானது 1200க்கு 1000. நான்கு பக்கமும் கரம் நுழையும் கட்டைவகை. அடிப்பலகைகளின் விளிம்பைச் சாய்த்துச் சீவ வேண்டும், டிரக் சக்கரம் ஏறி இறங்க. விலையை அப்போதுதான் சொன்னார். இளைஞர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் அட்வான்ஸ் கொடுத்தார்.

வாசலில் பழைய பேலட்டுகள் கோபுரமாக நின்றன, அந்நிய நாடுகளின் முத்திரைகளோடு. இவற்றைச் சீர்செய்து விற்பது இன்னொரு வியாபாரம். மூன்றில் ஒரு பங்கு மரத்துக்கு மேல் மாற்றினால் பழைய முத்திரையை அழித்து, மறுபடி சூடேற்றி, புது முத்திரை போட வேண்டும் என்பது விதி. அதை அளந்து பார்க்கிற கண் எல்லா இடத்திலும் இல்லை என்பதால், அண்ணாச்சி பழையதை ஏற்றுமதிக்குக் கொடுப்பதில்லை. உள்ளூர் ஆலைகளுக்குக் கொடுக்கிறார். அதற்கும் உதவாததை டீக்கடைக்காரர்கள் அடுப்புக்கு எடுத்துப் போகிறார்கள், ‘எம்.பி.’ முத்திரை உள்ளதைத் தவிர. அதை மட்டும் அவர் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்.