மூளைக்குள் இருக்கும் கருவி யாருக்குச் சொந்தம்?

மூளையோடு இயந்திரத்தை இணைத்தால் சுயமாக முடிவெடுக்கும் சக்தி போய்விடும் என்று பயப்படுகிறோம். ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு. நியூரோவிஸ்டா நிறுவனம் 2010 வாக்கில் சோதனை முயற்சியாக வலிப்பு நோயாளிகள் 15 பேரின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தியது. வலிப்பு வரும் அபாயம் அதிகமானால் கையிலுள்ள கருவியில் சிவப்பு விளக்கு எரியும். நீலம் எரிந்தால் அபாயம் குறைவு. அதை நம்பி ஒரு பெண்மணி பயமில்லாமல் வெளியே போகத் தொடங்கினார். நிறுவனத்திடம் பணம் தீர்ந்ததும் தலைக்குள் பொருத்திய கருவியை எடுத்தாக வேண்டும் என்றார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது வாங்கிக்கொள்ள அவரும் கணவரும் முயன்றார்கள். நடக்கவில்லை.

விளக்கைப் பார்த்து நடப்பதும் அடிமைத்தனம்தானே என்று கேட்கலாம். விளக்கு தகவல்தான் தந்தது, முடிவெடுத்தது அவர். (மூளையைத் தானாகவே தூண்டும் கருவிகளில் இந்த வேறுபாடு மங்கும், அது நியாயமான கவலை.) பராமரிக்க ஆளில்லாத கருவியைத் தலைக்குள் விட்டுவைப்பது ஆபத்து என்பதும் உண்மைதான். அப்படியானால் பராமரிப்புச் செலவை முன்கூட்டியே ஒதுக்காத நிறுவனத்துக்குச் சோதனை நடத்தவே அனுமதி தரக்கூடாது. சிலி 2021இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி மூளைத் தகவலுக்குப் பாதுகாப்பு தந்தது. கருவியை எடுப்பதா வேண்டாமா என்பதில் நோயாளியின் சொல்லுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும்.