ஔவை என்னும் பெயர்

தில்லியில் பிறந்த எம் மகளுக்கு ‘ஔவை’ எனப் பெயரிட்டபோது உறவினர் பலர் முகம் சுளித்தனர். “பச்சைக் குழந்தைக்குக் கிழவி பெயரா?” என்று கேட்டார் எம் அத்தை.

ஔவை என்னும் சொல்லுக்குத் தாய், மூதாட்டி, தவப்பெண் என்பன பொருள். அவ்வை என எழுதினும் அதுவே. எம் குடியிருப்பில் அடுத்த வீட்டுக் கன்னட அம்மையாருக்கு இப்பெயரை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் மொழியில் ‘அவ்வ’ என்றால் தாய். மாடிவீட்டுத் தெலுங்கருக்கோ அது பாட்டி. பெற்ற மகளையே ‘அம்மா’ என்று கொஞ்சும் நமக்கு இதில் வியப்பென்ன?

இப்பெயர் தாங்கியவர் ஒருவரல்லர். சங்ககால ஔவையார் பாடியனவாக 59 பாடல்கள் கிடைக்கின்றன. அவற்றுள் 33 புறநானூற்றில் உள்ளன. தகடூர் அதியமான் நெடுமானஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் அவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் இயற்றியவர் பன்னூறு ஆண்டுகள் பிற்பட்ட வேறோர் ஔவையார் என்பர் அறிஞர். நாடக மேடையில் அவ்வேடம் புனைந்த டி. கே. சண்முகம், ஆடவராயினும், ‘அவ்வை சண்முகம்’ என்றே வழங்கப்பெற்றார். 1953இல் வெளிவந்த திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஔவையாராக நடித்தார். நரைத்த தலையும் ஊன்றுகோலுமாக நம் மனத்தில் நிலைத்துவிட்ட உருவம் இதுவே.

பள்ளியில் எம் மகளின் பெயர் எவர் நாவிலும் நேராக எழவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் பெயர் பதியும் வேளை வந்தது. “அப்பா, வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டுமா?” என்றாள். பதிந்தபின் ஒரு பெயரை மாற்றுதல் எத்துணைக் கடினம் என்பதைக் கோப்புகளோடு வாழும் எழுத்தராகிய யாம் அறிவோம். ஆயினும் வற்புறுத்தவில்லை. புறநானூற்றின் 89ஆம் பாடலை எடுத்துப் பொருள் கூறினோம். அதில் பகைவேந்தன் ஒருவன், மையுண்ட கண்ணும் ஒளிவீசும் நெற்றியும் உடைய விறலியே என விளித்து, உங்கள் நாட்டிலும் போரிட வல்லார் உளரோ என்று வினவுகிறான். அஞ்சாமல் விடையிறுக்கிறாள் அவ்விறலி.

“அப்படியானால் இந்த ஔவை கிழவியில்லையா?” என்றாள் மகள்.

“அப்பாடலில் இல்லை, அம்மா.”

மறுநாள் படிவத்தைத் தானே நிரப்பினாள். பெயரை மாற்றவில்லை. நாகரிகம் கருதி இரண்டெழுத்துப் புதுப்பெயர் தேடும் அன்பர்கள், இரண்டே எழுத்தாலான இப்பழம்பெயரையும் எண்ணிப்பார்ப்பார்களாக.